அம்பாசடருக்கு இசுசு எஞ்சின்: நான் போட்ட கணக்கும் விட்ட கணக்கும்

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன வாரம் திருச்சியிலிருந்து ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். அவரிடம் 1982 மாடல் பிரீமியர் பத்மினி இருக்கு. எஞ்சின் புகை தள்ளுது, மேட்டுல ஏற மாட்டேங்குது. மெக்கானிக் "118 என்.இ எஞ்சினைத் தூக்கிப் போட்டுடலாம் சார், வண்டி பறக்கும்"னு சொல்றாராம். "போடலாமா, எவ்வளவு ஆகும்?"னு கேட்டிருக்கார்.

அவருக்கு நேரா பதில் சொல்றதுக்கு முன்னாடி என் கதையைச் சொல்லணும். ஏன்னா இதே கேள்வியில நான் 10,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துத் தொலைச்ச ஆள்.

எங்க வீட்டுல இருக்கிறது 1974 அம்பாசடர் மார்க் 2. அப்பா வாங்கினது. அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு. வண்டி கோயம்புத்தூர்ல எங்க வீட்டு ஷெட்ல நிக்குது. வருஷத்துக்கு 1,500 கிலோமீட்டர் ஓடினா அதிகம். அம்மாவை பழனிக்கு, அவங்க ஊர்ல குலதெய்வக் கோயிலுக்கு, ஒன்னு ரெண்டு கல்யாணத்துக்கு. அவ்வளவுதான்.

ரெண்டு வருஷம் முன்னாடி பழனி போயிட்டு வர்ற வழியில ஆயில் பிரஷர் விளக்கு எரிய ஆரம்பிச்சது. பின்னாடி நீலப் புகை. மெதுவா உருட்டிட்டு வந்து எங்க மெக்கானிக் அண்ணன் பட்டறையில விட்டேன். அவர் கம்ப்ரஷன் பார்த்தார், டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பார்த்தார், கையைத் துடைச்சுட்டுச் சொன்னார்: "தம்பி, இதுக்குச் செலவு பண்ணாதீங்க. இசுசு போட்டுருங்க. கியர் பாக்ஸோட சேர்த்து ஒன்னு பத்துல முடிச்சுத் தர்றேன். பழனி மலைமேல நிறுத்தலாம்."

ஒன்னு பத்துன்னா 1,10,000 ரூபாய். எனக்கு உடனே ஆசை வந்துடுச்சு.

அந்த ஆசை தப்பில்லைங்க. மார்க் 2-ல இருக்கிறது 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். இங்கிலாந்தோட பி.எம்.சி கம்பெனியின் 'பி' சீரிஸ் குடும்பம். சுமார் 50 குதிரைத்திறன். சாதாரணமா நினைச்சுடாதீங்க, எம்.ஜி.ஏ ஸ்போர்ட்ஸ் கார் 1955-ல வந்தப்ப அதுல இருந்ததும் இதே 1,489 சி.சி. எஞ்சின்தான். ஆனா அது சின்ன, லேசான வண்டி. நம்ம வண்டியில அம்மா, பெரியம்மா, ரெண்டு சித்தி, நாலு தூக்குவாளி. இசுசு 1,817 சி.சி., 75 குதிரைத்திறன், அஞ்சு கியர். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே 1992-ல அதை அம்பாசடர்ல போட்டு 1800 ஐ.எஸ்.இசட்னு வித்தாங்க. ஆக, கம்பெனியே பண்ணின வேலையைத்தானே நாமளும் பண்றோம்னு தோணும். நானும் அப்படித்தான் நினைச்சேன். உக்கடத்துல பழைய வண்டிக் கடை ஒன்னுல ஒரு இசுசு எஞ்சினைப் பார்த்து 10,000 அட்வான்ஸ் கொடுத்துட்டேன்.

அன்னைக்கு ராத்திரி ஒரு நோட்டுல கணக்கு எழுத உக்காந்தேன். அங்கதான் ஒவ்வொன்னா இடிக்க ஆரம்பிச்சது.

கம்பெனி எஞ்சினை மாத்தினப்ப எஞ்சினை மட்டும் மாத்தலை. கியர் பாக்ஸ் மாறுச்சு, ஸ்டீயரிங்ல இருந்த கியர் தரைக்கு வந்துச்சு, முன்னாடி ஒரே நீளமா இருந்த சீட் போய் ரெண்டு தனித்தனி சீட் வந்துச்சு. அப்புறம் டிஸ்க் பிரேக்கும் வந்துச்சு. காண்டெசாவையும் பாருங்க. 1984-ல அது வந்தப்ப அவ்வளவு பெரிய உடம்புக்கும் இதே 1,489 சி.சி. எஞ்சினைத்தான் வச்சிருந்தாங்க. வண்டி திணறுச்சு. பிறகு இசுசு 1800 வந்ததும்தான் அது காண்டெசா கிளாசிக் ஆச்சு. அங்கேயும் கியர் பாக்ஸ் சேர்ந்துதான் மாறுச்சு. எஞ்சின்ங்கிறது தனி ஆள் இல்லை, கூட்டுக் குடும்பத்துல மாப்பிள்ளை மாதிரி. அவர் ஒருத்தர் மாறினா வீட்டுல எல்லாரும் இடம் மாறி உக்காரணும்.

என் நோட்டுல இருந்ததை அப்படியே படிக்கிறேன். இது என் வண்டிக்கு, எங்க ஊர் கூலியில கேட்டு எழுதின தொகை. உங்க ஊர்ல கூடக் குறைய இருக்கும். எஞ்சினும் கியர் பாக்ஸும் 65,000. அது காயலான் கடையில எத்தனை நாள் கிடந்துச்சோ, பிரிச்சு ரிங், பேரிங், கேஸ்கெட், கிளட்ச் செட் மாத்தாம போட முடியாது, அது 28,000. எஞ்சின் உக்கார்ற மவுண்ட் இடம் மாறும், வெல்டிங் 8,000. கியர் பாக்ஸ் நீளம் வேறங்கிறதால புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டி பேலன்ஸ் பார்க்க 7,500. ரேடியேட்டர் 9,000. சைலன்சர் பைப் 6,500. எங்க வண்டியில இன்னும் டைனமோதான், அதை ஆல்டர்னேட்டர் ஆக்கி வயரிங் இழுக்க 11,000. தரையை வெட்டி கியர் லீவருக்கு வழி விட்டு, டிங்கரிங் பண்ணி, ரெண்டு தனி சீட் போட 24,000. 75 குதிரையை நிறுத்த பழைய டிரம் பிரேக்கை நம்ப முடியாது, முன்னாடி டிஸ்க்கும் சர்வோவும் 26,000. மெக்கானிக் அண்ணன் கூலி 30,000.

கூட்டினா 2,15,000. எஞ்சின் அதுல மூணுல ஒரு பங்கு கூட இல்லை.

மறுநாள் நோட்டை அண்ணன்கிட்ட காட்டினேன். அவர் சிரிச்சார். "பிரேக்கை அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி. பழைய ரேடியேட்டரே தாங்கும். சீட்டை விடுங்க"ன்னார். ஒன்னு பத்து எப்படி வந்துச்சுன்னு அப்பத்தான் புரிஞ்சது. அவர் ஏமாத்தலைங்க. "அப்புறம் பார்த்துக்கலாம்"ங்கிறது எல்லாத்தையும் கழிச்சுட்டு விலை சொல்லியிருக்கார். அவர் கழிச்சதுல பிரேக் இருக்கு. வேகத்தைக் கூட்டிட்டு நிறுத்துறதை அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டா, அதுக்கான பில் வேற எங்கேயாவது வரும்.

சரி, காசு போகட்டும், மைலேஜ்ல வந்துடும்னு சொல்றவங்க இருக்காங்க. எங்க வண்டி லிட்டருக்கு 9 கொடுக்குது. இசுசு 11 கொடுக்கும்னு வச்சுக்குவோம். 1,500 கிலோமீட்டருக்கு பழைய எஞ்சின் சுமார் 167 லிட்டர் குடிக்கும், புதுசு 136. மிச்சம் 30 லிட்டர் சொச்சம். லிட்டர் நூறு ரூபாய்னா வருஷத்துக்கு 3,000. அவ்வளவுதான்.

அந்தக் காலத்துல நம்ம டாக்ஸி ஸ்டாண்டுகள்ல பெட்ரோல் அம்பாசடரை டீசலா மாத்தினாங்களே, அவங்க முட்டாள் இல்லை. அவங்க மாசத்துக்கே 3,000 கிலோமீட்டர் ஓட்டினாங்க. டீசல் விலையும் அப்போ பெட்ரோலைவிட ரொம்பக் கீழே. அவங்களுக்குப் போட்ட காசு ரெண்டு வருஷத்துல திரும்ப வந்திருக்கும். ஷெட்ல தூங்குற வண்டிக்கு அந்தக் கணக்கு ஒட்டாது.

அடுத்தது பேப்பர். இதைத்தான் பட்டறையில யாரும் பேச மாட்டாங்க.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஆர்.சி-யில இருக்கிற விவரம், கம்பெனி முதல்ல குறிச்சுக் கொடுத்ததுக்கு மாறா ஆகுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. எஞ்சின் போயிடுச்சு, அதே கம்பெனி, அதே ரகத்துல இன்னொன்னு போடுறோம்னா அது ஒரு வழி. ஆர்.டி.ஓ-வில அனுமதி வாங்கி, புது எஞ்சின் நம்பரை ஆர்.சி-யில ஏத்திக்கணும். 1,489 சி.சி. இருந்த இடத்துல 1,817 சி.சி. வைக்கிறது அந்த வழி இல்லை. சி.சி-யும் ஆர்.சி-யில இருக்கிற விவரம்தானே. 2019 ஜனவரியில, கேரளாவிலிருந்து போன ஒரு வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறா மாத்தக் கூடாதுன்னு தெளிவா சொல்லிடுச்சு. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தினாங்க. அனுமதி இல்லாம மாத்தின ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரை ஜெயில், இல்லேன்னா ரெண்டும்.

"இந்த ஊர்ல யாருங்க பானட்டைத் திறந்து பார்க்கிறாங்க?"ன்னு கேப்பீங்க. தினமும் யாரும் பார்க்க மாட்டாங்க. எஃப்.சி-க்குப் போறப்ப பார்ப்பாங்க. அதைவிட முக்கியம், ஒரு விபத்து நடந்தா இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்ப்பார். எஞ்சின் நம்பர் ஆர்.சி-யில இருக்கிறதோட ஒத்துப் போகலைன்னா க்ளெய்ம் சிக்கல்ல மாட்டும். உக்கடத்துக் கடைக்காரர்கிட்ட "இந்த எஞ்சின் எந்த வண்டியோடது, அந்த வண்டியோட ஆர்.சி கேன்சல் பண்ணின பேப்பர் இருக்கா?"ன்னு கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எஞ்சின் வேணுமா, பேப்பர் வேணுமாங்க?"

அந்த ஒரு கேள்வியில என் 10,000 போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன்.

இன்னொரு விஷயமும் அப்போ என் தலையில ஓடிட்டு இருந்துச்சு. 2021-ல மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை கொண்டு வந்தாங்க. முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டின சொந்த உபயோக வண்டிகளுக்கு. நம்பர்ல 'வி.ஏ'ன்னு வரும். புதுசா பதியறதுக்கு 20,000 கட்டணம், பத்து வருஷம் செல்லும். ஆனா நிபந்தனை, வண்டி அசல் வடிவத்துல இருக்கணும். சேஸிஸ், பாடி, எஞ்சின் பெரிசா மாத்தியிருக்கக் கூடாது. எங்க வண்டிக்கு 2024-ல 50 முடிஞ்சது. இசுசுவைப் போட்டேன்னா அந்தக் கதவை நானே சாத்திக்கிறேன்.

இதுல ஒரு திருகல் இருக்கு, அதையும் சொல்லிடறேன். வி.ஏ பதிவு வாங்கினா வண்டியை இஷ்டத்துக்கு ரோட்டுல ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, இந்த மாதிரிக்குத்தான். குலதெய்வக் கோயில் அந்தப் பட்டியல்ல இல்லை. அதனால நான் இன்னும் விண்ணப்பிக்கலை. அம்மா வண்டியில போற வரைக்கும் பழைய பதிவைத்தான் புதுப்பிப்பேன். ஆனா அம்பது வருஷம் அப்படியே நின்ன வண்டிக்கு வர்ற ஒரு தகுதியை, மேட்டுல தேர்டு கியர்ல ஏறணும்னு தூக்கிக் கொடுக்கலாமாங்கிறதும் கணக்குல வரணும் இல்லையா?

அம்மாகிட்ட தரையை வெட்டுறதைப் பத்திச் சொன்னேன். அவங்களுக்கு சி.சி-யும் தெரியாது, ஆர்.சி-யும் தெரியாது. "முன்னாடி சீட்டைப் பிரிச்சுருவியா?"ன்னு மட்டும் கேட்டாங்க. அப்பா ஓட்ட, அம்மா ஜன்னல் பக்கம், நடுவுல நான். பத்து வயசு வரைக்கும் என் இடம் அதுதான். ஸ்டீயரிங்ல கியர் இருக்கிறதாலதான் நடுவுல ஒரு ஆள் உக்கார முடியுது. இப்போ அங்க என் பொண்ணு உக்கார்றா. சீட்டுக்கு நோட்டுல 24,000-த்துல ஒரு பங்குன்னு எழுதி வச்சிருந்தேன். அதைப் பார்த்து எனக்கே வெக்கமாப் போச்சு.

சரி, பழைய எஞ்சினையே ஓவர்ஹால் பண்ணலாம்னு முடிவு. அதோட கதை சந்தோஷமா இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க.

அண்ணன் சொன்னது 72,000. எஞ்சினை இறக்கிப் பிரிச்சதும் தெரிஞ்சது, ஏற்கனவே ஓவர்சைஸ் பிஸ்டன். இனிமே போர் அடிக்க சதை இல்லை. நாலு சிலிண்டருக்கும் லைனர் இறக்க வேண்டியதாப் போச்சு. கிராங்க் ஷாஃப்டை கிரைண்டிங்குக்குக் கொடுத்த இடத்துல ஒரு ஜர்னலைக் கூடத் தேய்ச்சுட்டாங்க. கடை பேரைச் சொல்லலை, விடுங்க. இந்த எஞ்சின்ல கிராங்க்கைத் தாங்கறது மூணே மெயின் பேரிங். அதுல ஒன்னு சரியில்லைன்னா ஆயில் பிரஷர் நிக்காது. வேற இடத்துல கொடுத்து, அதுக்கடுத்த சைஸ் பேரிங் தேடிப் பிடிச்சுத் திரும்பப் பண்ணினதுல 9,000 ரூபாயும் ஒன்றரை மாசமும் போச்சு. ஹெட்டுல எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கெட்டியான சீட் ரிங் அடிச்சோம். 2000-த்துல ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்னுபோச்சு. அந்த ஈயம்தான் பழைய ஹெட்டுகள்ல வால்வு சீட் தேயாம காத்துட்டு இருந்துச்சு. இதை அண்ணன் சொல்லலை, நான் கேட்டுப் பண்ண வச்சேன். அந்த ஒரு விஷயத்துல எனக்குப் பெருமை.

மொத்தம் அஞ்சு மாசம், 1,04,000. தொலைஞ்ச அட்வான்ஸ் தனி. ஆக, ஓவர்ஹால் ரொம்ப சல்லிசுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கடைசியில ஆன செலவை வச்சே பார்த்தாலும் இசுசு 1,11,000 கூட. வருஷத்துக்கு 3,000 மிச்சம் பிடிச்சா அது திரும்பி வர 37 வருஷம். அப்போ வண்டிக்கு 87 வயசு. என் வயசைக் கேக்காதீங்க.

வண்டி இப்போ எப்படி ஓடுது? அறுபதுல நிம்மதியா போகுது. எண்பதுல சத்தம் போடுது. மலையேறினா இன்னமும் டெம்பரேச்சர் முள் மேல போகும், நிறுத்தி டீ குடிச்சுட்டுத்தான் போகணும். அதை இசுசு தீர்த்திருக்கும், உண்மைதான்.

ஒரு வேடிக்கை. வேலை எல்லாம் முடிஞ்ச பிறகு எஞ்சின் நம்பரை ஆர்.சி-யோட ஒப்பிட்டுப் பார்த்தேன். முதல் பக்கத்துல இருந்த நம்பர் வேற. ஒரு நிமிஷம் நெஞ்சு நின்னுடுச்சு. புத்தகத்தைப் புரட்டினா பின்பக்கத்துல 1989 தேதி போட்டு எஞ்சின் மாற்றம்னு ஆர்.டி.ஓ முத்திரை, புது நம்பர். அப்பா மாத்தியிருக்கார். அதே ரகம், அதே 1,489 சி.சி. அப்பா வாங்கினப்ப இருந்த எஞ்சின்னு நான் கண்ணுல ஒத்திக்கிட்டு இருந்தது அவர் பாதியில வாங்கிப் போட்டது. அம்மாகிட்ட கேட்டா, "ஆமா, ஒரு வாரம் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சாரு"ங்கிறாங்க. அந்த ஒரு வார அலைச்சலாலதான் இன்னைக்கு என் வண்டி பேப்பர்ல சுத்தமா இருக்கு.

இப்போ திருச்சி நண்பருக்கு.

உங்க கணக்கு என்னோடது இல்லைங்க. நீங்க தினமும் 40 கிலோமீட்டர் ஆபீஸுக்கு ஓட்டறதா சொன்னீங்க. வருஷத்துக்கு 300 நாள்னா 12,000 கிலோமீட்டர். பத்மினி 12 கொடுக்குது, 118 என்.இ எஞ்சின் 15 கொடுக்கும்னு உங்க மெக்கானிக் சொல்றார். அது உண்மையா இருந்தா வருஷத்துக்கு 200 லிட்டர், 20,000 ரூபாய் மிச்சம். பழைய 1,089 சி.சி. எஞ்சினை ஓவர்ஹால் பண்றதுக்கும் அதுக்கும் 60,000 வித்தியாசம்னா மூணு வருஷத்துல வந்துடும். 118 என்.இ-யில இருக்கிறது நிசான் ஏ12, 1,171 சி.சி., நல்ல உழைப்பாளி எஞ்சின். உங்க வண்டிக்கு 50 வயசு ஆக 2032 வரைக்கும் இருக்கு. அதனால காசை மட்டும் பார்த்தா உங்க மெக்கானிக் சொல்றது தப்புன்னு என்னால சொல்ல முடியலை.

ஆனா சி.சி மாறுது. 52-வது பிரிவு உங்களுக்கும் அதேதான். தினமும் ரோட்டுல ஓடற வண்டிங்கிறதால என்னைவிட உங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். எங்க வண்டி வருஷத்துக்கு இருபது நாள் வெளிய வருது, உங்களோடது 300 நாள். அதனால வரிசையை மாத்திக்குங்க. முதல்ல ஆர்.டி.ஓ ஆபீஸ்ல நேரா போய், எழுத்துல அனுமதி கிடைக்குமான்னு கேளுங்க. ஏஜென்ட் வாய்மொழியா "ஆயிடும் சார்"னு சொல்றதை எடுத்துக்காதீங்க. கிடைக்காதுன்னு சொன்னா, 1,089 சி.சி-யையே செஞ்சுக்குங்க, இல்லேன்னா ஆபீஸுக்கு வேற வண்டி பார்த்துட்டு பத்மினியை ஞாயித்துக்கிழமைக்கு வச்சுக்குங்க. கிடைக்கும்னு சொன்னா, பழைய வண்டியோட ஆர்.சி கேன்சல் பேப்பர் தர்ற கடையில மட்டும் எஞ்சின் பாருங்க. அட்வான்ஸ் கொடுக்கிறது அதுக்கும் அப்புறம். பத்மினியிலயும் கியர் ஸ்டீயரிங்லதான் இருக்கு, தரையை வெட்டுவாங்களான்னு மெக்கானிக்கிட்ட முன்னாடியே கேட்டுடுங்க. பிரேக்கை அவர் கணக்குல சேர்த்திருக்காரான்னும்.

அதுக்கெல்லாம் முன்னாடி இன்னைக்கு சாயந்திரமே பானட்டைத் திறந்து எஞ்சின் நம்பரை ஒரு போட்டோ, ஆர்.சி-யோட எல்லாப் பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்துப் பாருங்க. நாப்பது வருஷ வண்டி. உங்களுக்கு முன்னாடி யாரு என்ன மாத்தினாங்கன்னு உங்களுக்கே தெரியாம இருக்கலாம்.

எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பத்தி நிறையப் பேர் கேட்டிருக்கீங்க. எஞ்சினை மாத்தினா அந்தப் பிரச்சினை போயிடும்னு சிலர் நினைக்கிறாங்க. போகாது. தொண்ணூறுகள்ல வந்த எஞ்சினோட ரப்பர் ட்யூபும் பழைய ரப்பர்தான். கார்புரேட்டரைப் பிரிச்சு வச்சுக்கிட்டே அடுத்த வாரம் அதைப் பேசலாம்.